பயிற்சி சர்ஜன்களும் உலக அறுவை சிகிச்சையும்: கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டு மருத்துவ முகாம்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் ஓரிடத்தில், கொரோனாவில் விமானங்கள் நின்றுபோனதால் இளம் சர்ஜன்களுக்கு ஏழை நாடுகளில் சேவை செய்யும் வாய்ப்பே போய்விட்டது, இரண்டு வருடம் வீண் என்கிற மாதிரி எழுதியிருந்தது. அந்த இரண்டு வருடமும் சமவெளியில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் ஜெனரல் சர்ஜரி பிஜியாக, அதாவது முதுநிலை மாணவியாக, இருந்தவள் நான், இப்போது சொந்த மலைக்கே திரும்பி வந்து வேலை பார்க்கிறேன். வீணாகவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். வெட்டிக்கொள்ளுங்கள், கூடலூர் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் விடுங்கள்.

குளோபல் சர்ஜரி, அதாவது உலகில் எங்கே இருப்பவருக்கும் அறுவை சிகிச்சை கிடைக்கச் செய்யும் வேலை, என்றதும் பலருக்கும் தோன்றுவது, பணக்கார நாட்டிலிருந்து ஒரு குழு பெட்டி படுக்கையோடு போய் இறங்கி, பத்து நாளில் வரிசையாக உதட்டுப் பிளவுகளைத் தைத்துவிட்டுக் கிளம்புவது. அதைக் குறை சொல்லவில்லை, அந்தக் குழந்தைகளுக்கு அது வாழ்க்கையையே மாற்றும். ஆனால் 2020 மார்ச்சில் செனகலின் டக்கார் துறைமுகத்தில் நின்றிருந்த மெர்சி ஷிப்ஸ் தொண்டு நிறுவனத்தின் மருத்துவக் கப்பல் வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. கப்பல் போனபிறகும் டக்காரில் குடல்வால் வெடிக்கத்தான் செய்திருக்கும், பிரசவம் சிக்கலாகத்தான் செய்திருக்கும், அதையெல்லாம் பார்த்தது அந்த ஊர் சர்ஜன்களும் அவர்களிடம் பயிற்சியில் இருந்தவர்களும்தான். இன்னொன்றையும் பட்டென்று சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் ஆபரேஷன் தியேட்டரில் சீனியர் கத்தியைக் கையில் தராத கேஸை, கேட்பாரில்லாத ஊரில் போய்க் கை பழகிக்கொள்ளச் செய்வது சேவை இல்லை. அப்படியும் நடந்திருக்கிறது. விமானம் நின்றதில் அது கொஞ்ச நாள் நின்றது நல்லதுதான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். 2015-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த கமிஷன் ஒரு அறிக்கை கொடுத்தது. உலகத்தில் 500 கோடிப் பேருக்கு, தேவைப்படும் நேரத்தில், பாதுகாப்பாகவும் குடும்பம் கடனில் மூழ்காமலும் அறுவை சிகிச்சையோ மயக்க மருந்தோ கிடைப்பதில்லை என்றது. வருடத்துக்கு இன்னும் 14.3 கோடி அறுவை சிகிச்சைகள் தேவை என்றது. ஒரு பகுதியில் வசதி இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்றும் சொன்னது: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை, எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்த காயத்துக்கான சிகிச்சை, இந்த மூன்றும் செய்யும் ஒரு மருத்துவமனைக்கு மக்களால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிகிறதா?

இதைப் படித்தபோது எனக்கு ஆப்பிரிக்கா ஞாபகம் வரவில்லை, எங்கள் மாவட்டத்து மஞ்சூர்தான் ஞாபகம் வந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு அங்கே ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் வலி எடுத்த பெண்ணுக்கு முதலில் ஜீப் கிடைக்க வேண்டும், அப்புறம் மேகமூட்டத்தில் ரோடு தெரிய வேண்டும், அப்புறம் வழியில் மரம் விழாமல் இருக்க வேண்டும், எல்லாம் தாண்டி ஊட்டி வந்து சேர்ந்தால் சில கேஸ்களுக்கு “கீழே கொண்டு போங்க” என்பார்கள், கீழே என்றால் கோவை, மறுபடியும் பர்லியார் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகள், தலை சுற்றி வாந்தி எடுத்தபடி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இரண்டு மணி நேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பந்தலூர்க்காரர்களுக்கோ பக்கத்து ஆஸ்பத்திரி என்பது பல நேரம் வயநாட்டில் இருப்பது. ஊரடங்கில் மாநில எல்லையில் செக்போஸ்ட், இ-பாஸ் என்று வந்ததும் அந்தப் பக்கத்துக் கதவும் பாதி மூடிக்கொண்டது.

ஆகவே பயிற்சியில் இருக்கும் ஒருவர் எந்தத் தொற்றுக் காலத்திலும், எந்த ஊரில் டியூட்டி போட்டாலும், செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் வேலை இது: எமர்ஜென்சியாக வரும் ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, வீட்டை விட்டு எப்போது கிளம்பினார்கள், நடுவில் எங்கெல்லாம் இறக்கி ஏற்றினார்கள், கத்தி வைத்தது எத்தனை மணிக்கு என்று எழுதிவைப்பது. வந்த நேரத்தை மட்டும் எழுதித்தான் நமக்குப் பழக்கம். வருவதற்கு முன்னால் போன நேரம்தான் பல உயிர்களைத் தீர்மானிக்கிறது, அது எந்த ஏட்டிலும் இல்லை.

2020 மார்ச்சில் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவையுங்கள் என்று மத்திய அரசு மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. தியேட்டர் லிஸ்ட் காலியானது. கத்தி பிடிக்க வந்த நாங்கள் பிபிஇ கிட்டுக்குள் வியர்த்துக்கொண்டு கொரோனா வார்டில் ஆக்சிஜன் அளவு பார்த்துக்கொண்டிருந்தோம். தீசிஸ் என்கிற ஆய்வேட்டுக்குக் குடலிறக்கம், பித்தப்பை என்று தலைப்பு எடுத்தவர்கள் நோயாளியே இல்லாமல் முழித்தார்கள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட கோவிட்சர்ஜ் கூட்டமைப்பின் மதிப்பீட்டின்படி, நெருக்கடி உச்சத்தில் இருந்த 12 வாரங்களில் மட்டும் உலகம் முழுக்க 2 கோடியே 84 லட்சம் அறுவை சிகிச்சைகள் ரத்தாகியோ தள்ளிப்போயோ இருக்கும்.

அந்தக் கூட்டமைப்பு வேலை செய்த விதத்தைத்தான் நம்மூர் பிஜிக்கள் கவனிக்க வேண்டும். பெரிய பேராசிரியர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதியது அல்ல அது. ஊர் ஊராகப் பயிற்சி மருத்துவர்களும் மாணவர்களும் தங்கள் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் விவரங்களைப் பெயர் இல்லாமல் ஒரே படிவத்தில் நிரப்பி அனுப்பினார்கள். 2020 அக்டோபரில் 116 நாடுகளில் 1.4 லட்சம் நோயாளிகளைப் பற்றி அப்படிச் சேர்ந்த தகவலிலிருந்துதான், கொரோனா வந்து ஏழு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் இறப்பு அபாயம் கூடுகிறது, முடிந்தால் அதுவரை தள்ளிவையுங்கள் என்ற முடிவு வந்தது. அதே தகவலை வைத்து, அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்குத் தடுப்பூசியில் முன்னுரிமை பற்றி வந்த இன்னொரு கட்டுரையில் 15,025 பேரின் பெயர்கள் இருந்தன, கின்னஸில் கூட ஏறியது. நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு எங்கள் யூனிட் சீஃப் சிரித்தார். “ஏம்மா, இத்தனை ஆயிரம் பேர்ல நீ எத்தனாவது பேரு? கேஸ் பாக்குற வயசுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து என்ன பண்றே?” கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2021-ல், கொரோனா தேறி வந்த தேயிலைத் தொழிலாளி ஒருவர் குடலிறக்கத்தை உடனே சரிசெய்யச் சொல்லி நின்றபோது, “ஏழு வாரம் பொறுங்க, ஆனா வீக்கம் கல்லு மாதிரி ஆயி வலிச்சா அன்னைக்கே வந்துடணும்” என்று ஊகத்தில் இல்லாமல் அவரிடம் சொல்ல முடிந்தது அந்தப் படிவங்களால்தானே.

இன்னும் ஒன்று. கொரோனா உச்சத்தில் இருந்த காலத்திலேயே, 2020 ஜூனிலிருந்து 2022 மார்ச் வரை, இந்தியா, கானா, நைஜீரியா, ருவாண்டா, பெனின், தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ என்று ஏழு நாடுகளில் ஒரு ஆய்வு நடந்தது. கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணம்: வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து தோலைத் தைப்பதற்கு முன்னால் குழுவில் எல்லோரும் கையுறையை மாற்றி, புதிதாகக் கிருமிநீக்கம் செய்த கருவிகளை எடுத்தால் புண் சீழ் பிடிப்பது குறையுமா? 13,301 நோயாளிகளைப் பார்த்ததில் 18.9 சதவீதமாக இருந்தது 16.0 ஆகக் குறைந்தது. ரோபோ கிடையாது, கோடி ரூபாய் மெஷின் கிடையாது, கூடுதலாக ஒரு ஜோடி கையுறையும் ஒரு சின்ன டிரேயும். இதற்கு முந்தைய ஃபால்கன் ஆய்வும் இதே நாடுகளில்தான் நடந்தது. தோலைச் சுத்தம் செய்ய விலை கூடிய மருந்துக்கும் சாதாரண அயோடினுக்கும் புண் சீழ் பிடிப்பதில் வித்தியாசம் இல்லை, மருந்து பூசிய நூலுக்கும் பூசாததற்கும் இல்லை என்று அது காட்டியது. சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி அது! விற்பனைப் பிரதிநிதி வந்து நிற்கும்போது சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

இந்த மாதிரி ஆய்வுகளில் புண்ணை முப்பதாம் நாள் வரை கவனிக்க வேண்டும். ஊரடங்கில் யாரும் வரமாட்டார்கள், போனில்தான் கேட்க வேண்டும். கேட்பதும் ஒரு வித்தைதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மலையில் டாக்டர் போன் செய்து “அண்ணா, புண்ணு எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்குங்க டாக்டரம்மா” என்பதுதான் பதில். சீழ் வடிந்துகொண்டிருந்தாலும் அதுதான் பதில், கேட்டதே பெரிது என்கிற மரியாதை. அதனால் கேள்வியை மாற்ற வேண்டியிருந்தது. சட்டையில ஈரம் ஒட்டுதுங்களா? வாடை அடிக்குதுங்களா? ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியுதுங்களா? ஊர்ல யாராவது டிரெஸ்ஸிங் போட்டாங்களா, எதை வச்சுப் போட்டாங்க? “சட்டையா? அது தினம் மாத்தறனுங்க, கறையாயிடுது” என்று அப்போதுதான் வெளியே வரும். அதுவும் டவர் கிடைக்கும் பெட்டிக்கடை பக்கம் அவர் வந்து நிற்கும் நேரம் பார்த்துக் கூப்பிட வேண்டும், சாயங்காலம் இலை எடை போட்டு முடித்த பிறகு. இதை ஒரு பிஜி உட்கார்ந்து, தன் பகுதி மக்கள் பேசும் தமிழில், படுகுவில், பணியர் பேச்சில், மலையாளத்தில் எந்தக் கேள்வி உண்மையை வெளியே கொண்டுவருகிறது என்று பார்த்து எழுதினால், அதுவும் குளோபல் சர்ஜரிதான். தீசிஸ் கமிட்டிகள் ஒப்புக்கொண்டால் நன்றாயிருக்கும்.

இப்போது கூடலூர். இந்தியாவில் அரிவாள் செல் நோய் இருக்கிறது என்று முதன்முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து சின்ன ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய். பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களில் இதைப் பார்க்கலாம். ஒரு சர்ஜனுக்கு இது ஏன் முக்கியம் என்றால், இந்த நோயாளிக்குத் திடீரென்று வரும் கடுமையான வயிற்றுவலி சில நேரம் குடல்வால் வீக்கம் போலவே இருக்கும், கத்தி எடுத்தால் ஆபத்து, திரவமும் வலி மருந்தும் கொடுத்தால் இறங்கிவிடும். சில நேரம் உண்மையிலேயே பித்தப்பைக் கல்லாக இருக்கும், இந்த நோயில் சின்ன வயதிலேயே கல் வரும். சமவெளியில் படித்துவிட்டு வரும் பிஜிக்கு இது பாடப்புத்தகத்தில் இரண்டு வரி. கூடலூரில் அஷ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனையில் அது அன்றாட வேலை, 1990-லிருந்து பழங்குடி மக்களே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் நின்று நடத்தும் இடம் அது.

ஊரடங்கில் நாங்கள் சிலர் ஆன்லைனில் கேஸ் விவாதம் வைத்துக்கொள்வோம். ஐரோப்பா, அமெரிக்கா கூட்டங்கள் பெரும்பாலும் அவர்கள் வசதிக்குத்தான் நடக்கும், நடுராத்திரியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார வேண்டும். நைஜீரியாவோடு பேசுவது அப்படியில்லை. நமக்கு ராத்திரி ஏழரை என்றால் லாகோஸில் மதியம் மூன்று. உலகிலேயே அரிவாள் செல் நோயாளிகள் அதிகம் இருக்கும் நாடு அது. அங்கே பயிற்சியில் இருந்த ஒருவர், வயிற்றுவலியோடு வரும் இந்த நோயாளிகளில் யாரைத் தியேட்டருக்கு எடுப்பது, யாரை எடுக்காமல் இரண்டு மணிக்கொரு தரம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே காத்திருப்பது என்று பொறுமையாகச் சொன்னார், எங்கள் கல்லூரியில் எனக்கு யாரும் அப்படிச் சொல்லித்தந்ததில்லை. பதிலுக்கு நாங்கள் சொல்ல ஒன்று இருந்தது, அதுதான் குளிர். குளிர்ந்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, வளைந்த அணுக்கள் அடைத்துக்கொள்வது கூடும். கூடலூரிலிருந்து மேலே ஊட்டிக்குக் கொண்டுவரும்போது டிசம்பர் ராத்திரியில் ஆம்புலன்ஸுக்குள்ளேயே நோயாளி விறைத்துவிடுவார். சலைன் பாட்டிலை வெதுவெதுப்பாக்கி ஏற்றுவது, தியேட்டர் மேஜையில் கம்பளியை முதலிலேயே விரித்துவைப்பது, ஹீட்டர் போடாமல் நோயாளியை உள்ளே எடுக்காமல் இருப்பது, இதெல்லாம் மலை நர்ஸ்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த நைஜீரியா டாக்டர் சிரித்துக்கொண்டே “எங்களுக்குக் குளிர் பிரச்சினை இல்லை, ஏசி ஓட கரண்ட் இருந்தால்தானே” என்றார். யார் யாருக்கு உதவி செய்தது என்று அன்றைக்குக் கணக்குப் போட்டால் சரிசமமாகத்தான் வரும். விமானத்தில் போகும் முகாம்களில் இப்படிப்பட்ட பேச்சுக்கு நேரம் இருக்குமா தெரியவில்லை.

சின்ன ஊரிலிருந்து சின்ன ஊருக்கு யோசனை போவது புதிதும் அல்ல. மகாராஷ்டிராவின் தொண்டாய்ச்சாவில் டாக்டர் ரவீந்திரநாத் தொங்காவ்ங்கர் குடலிறக்கத்தைச் சரிசெய்ய உள்ளே வைத்துத் தைக்கும் விலை கூடிய வலைக்குப் பதிலாகக் கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கம் செய்து வைத்துப் பார்த்தார். பின்னால் உகாண்டாவில் முறையான ஆய்வு நடத்தி 2016-ல் வெளியிட்டபோது, ஒரு வருடம் கழித்தும் விலை கூடிய வலைக்கும் கொசுவலைக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வாயு நிரப்பாமல் வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்து, சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்பராஸ்கோப்பி முறையும் இந்தியக் கிராமப்புற சர்ஜன்கள் கையில் வளர்ந்ததுதான். கொரோனா தொடக்கத்தில் வாயுவோடு கிருமி பரவுமோ என்று பெரிய மையங்கள் லேப்பராஸ்கோப்பிக்கே தயங்கியபோது, இதைக் கற்றவர்கள் கையில் இன்னொரு வழி இருந்தது.

ஆன்லைனில் நடந்தது எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. 2020-ல் வெபினார் சர்டிபிகேட் வாங்கிக் குவித்தவர்கள் உண்டு, கேமராவை அணைத்துவிட்டுச் சோறு சாப்பிட்டவர்கள்தான் பாதி. வெளிநாட்டுக் குழு படிவம் அனுப்பி “தகவல் கொடுங்கள்” என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடவும் கூடாது. நம் ஆஸ்பத்திரித் தகவலை நாம் தனியாகப் பயன்படுத்தலாமா, நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா, எழுதும் இடத்தில் நம் பெயர் எங்கே வரும் என்று முதலிலேயே கேளுங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அந்தக் குழுவே வேண்டாம். நோயாளியின் முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப்பில் போடும் பழக்கம் தொற்றுக் காலத்தில் எல்லை மீறிப்போனது. 2020 மார்ச் 25-ல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல் போனிலும் வீடியோவிலும் ஆலோசனை சொல்ல வழி செய்தது, அதைக் காட்டி யார் படத்தையும் யாருக்கும் அனுப்ப முடியாது.

கடைசியாக ஒரு கோரிக்கை. 2020-21 பேட்ச்சிலிருந்து பிஜிக்கள் எல்லோரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ரொம்ப நல்ல விதி. நடைமுறையில் என்ன நடக்கிறது? வீட்டுக்குப் பக்கத்தில் போஸ்டிங் வாங்க ஆள் பிடிப்பது, வாரத்தில் நான்கு நாள் தலைகாட்டுவது, லாக்புக்கில் கையெழுத்து. இந்த மூன்று மாதத்தில் ஒரு பங்கையாவது மலை மாவட்டங்களுக்கு என்று ஒதுக்கினால் என்ன? நீலகிரிக்கு வாருங்கள், பழனி மலைக்குப் போங்கள், ஜவ்வாது மலைக்குப் போங்கள். தங்க அறையும் இன்டர்நெட் இணைப்பும் கொடுங்கள். நேரம் பதியும் படிவம், முப்பதாம் நாள் போன், மாதம் ஒரு தடவை லாகோஸோ உகாண்டாவின் கம்பாலாவோ கூப்பிட்டுப் பேசும் கேஸ் விவாதம், இந்த மூன்றையும் அந்தப் போஸ்டிங்கின் லாக்புக்கில் கணக்கில் சேருங்கள். ஊட்டியிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மேற்பார்வைக்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த தொற்று வந்து மறுபடி தியேட்டர் லிஸ்ட் காலியாகிற அன்றைக்கு இதை ஆரம்பிக்க முடியாது, படிவமும் பழக்கமும் அதற்கு முன்னாலேயே இருக்க வேண்டும். மருத்துவக் கல்வி இயக்ககத்தில் யாராவது இந்தப் பகுதியைப் படிப்பவர்கள் இருந்தால், அடுத்த போஸ்டிங் பட்டியல் போடும்போது கொஞ்சம் யோசியுங்கள்.

பெயரை வெளியிட வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

இப்படிக்கு,
ஒரு ஜெனரல் சர்ஜன்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.